தானாகத் தேடும் ஸ்கிரிப்டா, கேள்வி கேட்கும் ஸ்கிரிப்டா? சோர்ஸிலிருந்து பில்டு செய்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரு மென்பொருளின் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி, அவிழ்த்து, பில்டு செய்ய (ஓடும் மென்பொருளாக மாற்ற) உட்கார்ந்தால் முதலில் ஓடுவது ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட். அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று யாரையும் எதுவும் கேட்காது. கம்பைலர் எங்கே, எந்த லைப்ரரி இருக்கிறது, எது இல்லை என்று தானே தேடிப் பார்த்து, பில்டுக்கான கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைலை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். இன்னொன்று வரிசையாகக் கேட்கும்: எங்கே நிறுவ வேண்டும், இந்த வசதி வேண்டுமா, அந்த டிரைவர் வேண்டுமா? நீங்கள் பதில் சொல்லச் சொல்லத்தான் நகரும்.

சொந்த மென்பொருளை சோர்ஸாக வெளியிடப் போகிறவர்கள் பலர் இந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். கேள்வி கேட்டால் புதியவர்களுக்கு உதவியாக இருக்குமே என்பது ஒரு பக்கம். சர்வரில் ஆள் இல்லாமல் ஓட வேண்டுமே என்பது இன்னொரு பக்கம். பில்டு மட்டும் செய்பவர்களுக்கும் இதே தயக்கம் வேறு வடிவில் வரும். பெர்ல் மொழி, லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போன்றவை இரண்டு வழியையும் திறந்தே வைத்திருக்கின்றன, எதில் போவது?

என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். கணினியைப் பற்றிய உண்மைகளை ஸ்கிரிப்ட் தானே கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் விருப்பத்தை அது ஊகிக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய ஸ்கிரிப்டுகள்தான், தானியங்கியோ கேள்வி கேட்பதோ, ஆளைப் படுத்துகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், அது எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள். ‘இந்தக் கணினியில் ஒரு பாயிண்டர் எத்தனை பைட்?’ என்பதற்கு ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு. அதை மனிதரிடம் கேட்பது வீண் வேலை. ‘டேட்டாபேஸ் ஆதரவு வேண்டுமா?’ என்பதற்கு அப்படிச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. கேட்பவரின் தேவையைப் பொறுத்தது.

அடுத்து, சில மாதம் கழித்து அதே பில்டை அப்படியே மறுபடி எடுக்க முடியுமா? கொடுத்த பதில்கள் ஒரு ஃபைலில் இருக்கின்றனவா, யாரோ ஒருவர் நினைவில் மட்டும் இருக்கின்றனவா?

மூன்றாவது, கீபோர்டுக்கு முன் ஆள் இல்லாதபோது என்ன ஆகும்? நான்காவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: ஏதாவது தப்பாகப் போனால் ஸ்கிரிப்ட் சத்தம் போடுமா, கமுக்கமாகக் கடந்துவிடுமா? ஐந்தாவது கிராஸ் கம்பைலிங். பில்டு செய்யும் கணினி ஒன்று, அந்த மென்பொருள் ஓடப்போகும் கணினி வேறு என்னும்போது இரண்டு முறைகளும் வேறு வேறு இடத்தில் தடுமாறும்.

நேரத்தை இதில் நான் சேர்க்கவில்லை. தானாகத் தேடும் ரகத்தைச் சேர்ந்த ஆட்டோகான்ஃப் ஸ்கிரிப்டுகள் சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்யும். கணினியில் எத்தனை கோர் இருந்தாலும் பயனில்லை. எரிச்சல்தான். ஆனால் இந்தத் தேர்வை அது தீர்மானிக்காது.

## தானாகத் தேடும் ஸ்கிரிப்ட்

இந்த ரகத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு குனு ஆட்டோகான்ஃப். 1991-ல் டேவிட் மெக்கன்சி ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்காகப் பல குனு கருவிகளைப் பராமரித்துவந்தார். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஏற்றபடி மேக்ஃபைலில் கையால் போட வேண்டிய ஆப்ஷன்கள் இருபது வரை போய்விட்டன. அந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான் ஆட்டோகான்ஃப். பெர்லை உருவாக்கிய லாரி வால் முதலானோர் எழுதிய மெட்டாகான்ஃபிக் என்ற கருவி அப்போதே இருந்தது, அது மெக்கன்சிக்கும் தெரிந்திருந்தது. அது உண்டாக்கும் ஸ்கிரிப்ட் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது அவருக்கு வசதிப்படவில்லை. அதை அவர் எடுத்துக்கொள்ளாததற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. ஆக, நாம் இன்று பேசும் இந்தத் தகராறுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குட்டி சி நிரலை எழுதி கம்பைல் செய்து பார்க்கும். சிலவற்றை லிங்க் செய்தும், சிலவற்றை ஓட்டியும் பார்க்கும். நடந்தது அத்தனையும் கான்ஃபிக்.லாக் ஃபைலில் விழும். நீங்கள் கொடுத்த கட்டளையே அந்த லாக்கின் தொடக்கத்தில் பதிவாகியிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ‘போன தடவை என்ன ஆப்ஷன் கொடுத்தோம்?’ என்று தலையைச் சொறிபவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

இந்த முறையின் உண்மையான பலம், சிஸ்டத்தின் பெயரைக் கேட்காமல் வசதியைச் சோதிப்பது. ‘இது எந்த யூனிக்ஸ்?’ என்று கேட்டு, பெயருக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தால், நாளை வரும் புதிய சிஸ்டம் அந்தப் பட்டியலில் இருக்காது. ‘இந்த ஃபங்ஷன் இருக்கிறதா?’ என்று சோதித்தால் அந்தக் கவலை இல்லை. கூடவே, ஆள் இல்லாமல் ஓடும். ஒரே வரிக் கட்டளையை பில்டு சர்வரில் போட்டுவிட்டால் போதும். லினக்ஸ் விநியோகங்கள் ஆயிரக்கணக்கான தொகுப்புகளைப் பராமரிக்க முடிவதில் இந்த ஒரே மாதிரியான நடைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி மறைமுகச் செலவுகள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இவை வெளியே தெரியாது.

‘லைப்ரரி இருந்தால் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிடு’ என்று எழுதப்பட்ட சோதனைகள்தான் முதல் வம்பு. ஜென்டூ லினக்ஸ்காரர்கள் இதற்கு ‘ஆட்டோமேஜிக்’ சார்பு என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உங்கள் லேப்டாப்பில் அந்த லைப்ரரி வேறு எதற்காகவோ நிறுவப்பட்டிருக்கும், வசதி சேர்ந்துவிடும். சர்வரில் இருக்காது, வசதி வராது. இரண்டு இடத்திலும் கட்டளை ஒன்றே, சோர்ஸ் ஒன்றே, கிடைத்த மென்பொருள் மட்டும் வேறு. எந்தப் பிழைச் செய்தியும் வராது. அப்புறம் லேப்டாப்பில் அந்த லைப்ரரியைத் தேவையில்லை என்று நீக்கினால், சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும் இந்த மென்பொருள் திறக்க மறுக்கும். ‘இருக்கிறது’ என்பது கணினியைப் பற்றிய உண்மை, ‘வேண்டும்’ என்பது உங்கள் விருப்பம். முதலாவதைப் பார்த்து இரண்டாவதை முடிவு செய்ததன் விளைவு இது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. சோதனை நிரல் கம்பைல் ஆகவில்லை என்றால் ‘வசதி இல்லை’ என்று ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும். ஆனால் கம்பைல் ஆகாததற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். 2023-ல் வந்த கிளாங் 16, 2024-ல் வந்த ஜிசிசி 14 ஆகிய கம்பைலர்கள், அறிவிக்காமல் ஒரு ஃபங்ஷனை அழைப்பதை எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே ஆக்கிவிட்டன. அது நல்ல மாற்றம்தான். ஆனால் பல பழைய கான்ஃபிகர் சோதனைகள் அப்படித்தான், ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெட்டர் ஃபைலைச் சேர்க்காமல், அலட்சியமாக எழுதப்பட்டிருந்தன. புதிய கம்பைலரில் அவை தோற்றன. ஃபங்ஷன் கண்முன்னே இருந்தும் ‘இல்லை’ என்று பதிவாயிற்று. பில்டு மட்டும் வெற்றி என்று சொல்லும்.

இதை வேண்டுமென்றே செய்தால் எப்படி இருக்கும் என்பதையும் 2024 காட்டியது. எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் பின்கதவு வைத்த விவகாரத்தில், லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதியைச் சோதிக்கும் சிமேக் (இன்னொரு பில்டு கருவி) குறியீட்டில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி ஒன்று செருகப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் ஒருநாளும் கம்பைல் ஆகாது. எனவே சிமேக் வழியாக பில்டு செய்தால் லேண்ட்லாக் எங்கேயும் ‘இல்லை’. அதே மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில், கிட் (பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி) களஞ்சியத்தில் இல்லாத ஓர் எம்4 ஃபைல் (கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உண்டாக்கப் பயன்படுவது) டார்பாலில் (வெளியீட்டுத் தொகுப்பில்) மட்டும் இருந்தது. கான்ஃபிகர் ஓடும்போது அதுதான் தீங்கான நிரலை உள்ளே இழுத்தது. கருவி எழுதித் தள்ளும் பல ஆயிரம் வரி ஷெல் ஸ்கிரிப்டை யாரும் வாசிப்பதில்லை என்பது தாக்குபவர்களுக்கும் தெரியும்.

சின்னது போலத் தெரியும் ஒன்று: ஆட்டோகான்ஃப் ஸ்கிரிப்டுக்கு நீங்கள் கொடுக்கும் ‘எனேபிள்’, ‘வித்’ ஆப்ஷன்களில் எழுத்துப் பிழை இருந்தால், அறியாத ஆப்ஷன் என்று ஓர் எச்சரிக்கை மட்டும் போட்டுவிட்டு மேலே போகும். நூற்றுக்கணக்கான வரிகளில் அது யார் கண்ணில் படும்? எனேபிள் ஆப்ஷன் செக்கிங் என்பதை ‘ஃபேட்டல்’ என்று வைத்தால் அங்கேயே நின்றுவிடும். பில்டு சர்வரில் இதைப் போட்டு வைப்பது நல்லது.

கிராஸ் கம்பைலிங்கில், ஓட்டிப் பார்க்கும் சோதனைகளை ஓட்ட முடியாது. அப்போது ஸ்கிரிப்ட் அவநம்பிக்கையான பக்கத்தைப் பிடிக்கும். மாலாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) சரியாக இல்லை என்று தானே முடிவு செய்து, அதற்கு மாற்றான ஃபங்ஷனை எதிர்பார்த்து, கடைசியில் லிங்கர் அது எங்கே என்று கேட்கும் பிழை இந்த வேலை செய்பவர்களுக்கு நன்றாகப் பழக்கம். பதிலை கேஷ் மாறியாக (சோதனை முடிவைச் சேமிக்கும் மாறி) முன்கூட்டியே கொடுத்தால் தீரும். அதாவது, தானியங்கி என்று சொன்னாலும் அங்கே பதில் சொல்வது நீங்கள்தான்.

## கேள்வி கேட்கும் ஸ்கிரிப்ட்

பெர்லின் கான்ஃபிகர் இந்த ரகத்தில் நன்றாகச் செய்யப்பட்ட ஒன்று. அது கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில்லை. முதலில் தானே தேடும், கண்டதைச் சதுர அடைப்புக்குள் காட்டும், ‘இதுதானே?’ என்று கேட்கும். சரி என்றால் என்டர், இல்லை என்றால் திருத்தம். எல்லாப் பதில்களும் கான்ஃபிக்.எஸ்ஹெச் என்ற ஃபைலில் சேரும். (ஆட்டோகான்ஃபின் ஸ்கிரிப்ட் சிறிய எழுத்தில் தொடங்கும், பெர்லினுடையது பெரிய எழுத்தில். இந்த வேறுபாடு தெரியாத ஃபைல் சிஸ்டங்களில் இரண்டும் மோதும் என்பதால், குனு பாணியில் கட்டளை கொடுக்க விரும்புபவர்களுக்கான சிறு ஸ்கிரிப்டை பெர்ல் கான்ஃபிகர்.குனு என்ற பெயரில் தருகிறது.)

இதன் பெரிய லாபம், என்னென்ன முடிவுகள் இருக்கின்றன என்பதே உங்களுக்குத் தெரியவருவது. தானியங்கியில் உதவிப் பக்கத்தைப் படித்தால்தான் ஓர் ஆப்ஷன் இருப்பதே தெரியும், படிப்பவர்கள் குறைவு. இங்கே அது உங்கள் முன்னால் வந்து நிற்கும். ஒரு வசதியைத் தெரிந்தே வேண்டாம் என்று சொல்வதும், அது இருந்ததே தெரியாமல் இழப்பதும் ஒன்றல்ல.

ஆனால் கேள்விகள் கூடக் கூட இந்த லாபம் கரையும். லினக்ஸ் கெர்னலின் பழைய ‘மேக் கான்ஃபிக்’ ஒவ்வொரு ஆப்ஷனையும் வரிசையாகக் கேட்கும். இன்று கெர்னலில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்ஷன்கள் உண்டு. கணிசமானவை உங்கள் தேர்வைப் பொறுத்து மறைந்துவிட்டாலும் மிச்சமிருப்பதே மலை. நடுவில் ஒன்று தவறிப்போனால் பின்னால் போகவும் வழியில்லை. இருபது கேள்விக்குள்ளேயே பெரும்பாலானவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டு என்டரை அழுத்த ஆரம்பிப்பார்கள் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் அது கேள்வி கேட்பது போல நடிக்கும் தானியங்கிதான். என்ன, கூடவே ஓர் ஆளும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பில்டு சர்வரில் வைத்தால் கதையே வேறு. பதில் வராத கேள்வியில் ஸ்கிரிப்ட் நின்றுகொண்டே இருக்கும், நேர வரம்பு வந்து கொல்லும் வரை. உள்ளீடு மூடப்பட்டிருந்தால் காலிப் பதிலை ஏற்காமல் அதே கேள்வியைச் சுழற்றிச் சுழற்றி அச்சிட்டு லாக்கை நிரப்பும் ஸ்கிரிப்டுகளும் உண்டு. இதைத் தாண்ட ஆட்கள், எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றே பதில் தரும் ‘யெஸ்’ கட்டளையைப் பைப் செய்வார்கள், அல்லது பதில்களை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி ஊட்டுவார்கள். இதில்தான் உண்மையான கண்ணி இருக்கிறது. அடுத்த பதிப்பில் நடுவே ஒரு கேள்வி புதிதாக வந்தால், அதற்குப் பிறகுள்ள பதில்கள் எல்லாம் ஒரு படி தள்ளிப்போகும். ‘ஆம்’, ‘இல்லை’ மட்டும் உள்ள பதில்கள் என்றால் எந்தப் பிழையும் வராது. தவறான மென்பொருள் கிடைக்கும், அவ்வளவுதான்.

இயந்திரக் கற்றல் மென்பொருளான டென்சர்ஃப்ளோவின் கான்ஃபிகர் இதற்குத் தப்பும் வழி வைத்திருக்கிறது. பைத்தான் எங்கே, குடா (என்விடியா ஜிபியு ஆதரவு) வேண்டுமா என்றெல்லாம் கேட்கும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் உரிய சூழல் மாறியை முன்பே அமைத்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்காது. பதில் அதன் இடத்தைப் பொறுத்து அல்லாமல், அதன் பெயரைப் பொறுத்து அமைவதால் வரிசை மாறினாலும் பாதகமில்லை.

## ஒருமுறை கேட்டு, எழுதிவைத்து, பிறகு கேட்காமல் ஓடுவது

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று வளர்ந்திருக்கிறது, இதுதான் எனக்குப் பிடித்தது. கெர்னலின் கேகான்ஃபிக் என்ற கான்ஃபிகர் அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். பிஸிபாக்ஸ், யூ-பூட், பில்டுரூட் போன்றவையும் அதையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. மெனுகான்ஃபிக்கில் திரையில் மேலும் கீழும் போய்த் தேர்ந்தெடுக்கலாம், தேடலாம், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் படிக்கலாம். முடிவு .கான்ஃபிக் என்ற சாதாரண ஃபைலில் விழும். அதை கிட்டில் போடலாம், இரண்டு பதிப்புகளை ஒப்பிடலாம், சர்வருக்கு அனுப்பலாம்.

புதிய பதிப்பு வந்தால் ஓல்ட்கான்ஃபிக் புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் கேட்கும். ஓல்ட்டெஃப்கான்ஃபிக் அவற்றுக்கு டீஃபால்ட்டை எடுத்துக்கொண்டு கேட்காமலே போகும். லிஸ்ட்நியூகான்ஃபிக் என்னென்ன புதிது என்று பட்டியல் மட்டும் தரும். சர்வரில் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டுவதற்கு முன் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம். இல்லையென்றால் டீஃபால்ட் என்ற பெயரில் வேறு யாரோ உங்களுக்காக முடிவெடுக்கிறார்கள்.

இதற்கும் விலை உண்டு. .கான்ஃபிக் ஃபைலில் கையால் ஒரு வரியைச் சேர்த்தால், அதற்குத் தேவையான வேறொன்று இயக்கப்படாதபோது அடுத்த ஓட்டத்தில் அந்த வரி சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். லோக்கல்மாட்கான்ஃபிக் இன்னொரு பொறி. இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து மற்றவற்றை வெட்டிவிடும். பில்டு சீக்கிரம் முடியும், சந்தோஷம். ஆனால் அந்த நேரத்தில் செருகப்படாமல் இருந்த யூஎஸ்பி கருவியின் டிரைவரும் போய்விடும். மறுபடியும் அதே குழப்பம்தான்: இந்த நிமிடம் கணினியில் இருப்பதை, உங்களுக்கு வேண்டியது என்று எடுத்துக்கொள்வது.

சிமேக்கிலும் சிசிமேக் என்ற திரை உண்டு. பதில்கள் கேஷ் ஃபைலில் தங்கும். அந்தக் கேஷில் பழைய பதில் ஒட்டிக்கொண்டு, புது லைப்ரரியை நிறுவிய பிறகும் ‘இல்லை’ என்றே சொல்லும் தொல்லை அதற்கு உண்டு. மீசான் என்ற பில்டு கருவியில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஒரு வசதிக்கு ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘இருந்தால் சேர்’ என்று மூன்று நிலைகள். ‘வேண்டும்’ என்று சொல்லி லைப்ரரி கிடைக்காவிட்டால் பில்டு நின்றுவிடும். ‘இருந்தால் சேர்’ என்பவை அனைத்தையும் ஒரே ஆப்ஷனில் ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ மாற்றிவிடலாம். ஆட்டோமேஜிக் நோய்க்கு நேரடியான மருந்து.

| எதைப் பொறுத்து | தானாகத் தேடுவது | கேள்வி கேட்பது | கேட்டு எழுதிவைப்பது |
|---|---|---|---|
| கணினி விவரங்கள் | நன்றாகக் கண்டுபிடிக்கும் | தேடிவிட்டுக் கேட்டால் நல்லது | கருவியைப் பொறுத்தது. கேகான்ஃபிக்கில் குறைவு |
| விருப்பங்கள் | ஊகிக்கும் அபாயம் | வெளிப்படையாக முன்வைக்கும் | முன்வைக்கும், பதிவும் செய்யும் |
| மறுபடி அதே பில்டு | கட்டளையும் சூழலும் ஒன்றாக இருந்தால் | பதில் ஃபைல் இருந்தால் மட்டும் | எளிது |
| ஆள் இல்லாமல் | ஓடும் | தொங்கும் | ஓடும் |
| தப்பு நடந்தால் | பெரும்பாலும் மௌனம் | கண்முன் தெரியும், படித்தால் | புதிய ஆப்ஷன்களில் மௌனம் |
| எழுதுபவரின் சுமை | நடுத்தரம் | தொடக்கத்தில் குறைவு, பிறகு ஏறும் | தொடக்கத்தில் அதிகம் |

## யாருக்கு எது

ஒரு லைப்ரரியோ சிறு கட்டளைக் கருவியோ எழுதுகிறீர்கள், விருப்பம் என்று சொல்ல இரண்டு மூன்றுதான் இருக்கிறது என்றால் தானியங்கியே போதும். கேள்வி கேட்கும் ஸ்கிரிப்ட் அங்கே தொகுப்பாளர்களை விரட்டும். ஆனால் விருப்பமான ஒவ்வொரு லைப்ரரிக்கும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று சொல்ல வழி வையுங்கள், ‘வேண்டும்’ என்று சொன்னது கிடைக்காவிட்டால் பில்டை நிறுத்துங்கள். முடிவில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று ஒரு சுருக்கம் அச்சிடுங்கள்.

நூற்றுக்கணக்கில் ஆப்ஷன்கள், அவற்றில் பல ஒன்றை ஒன்று சார்ந்தவை, ஓடப்போவது சின்னச் சின்னக் கருவிகளில் என்றால் கேகான்ஃபிக் போன்றதற்குப் போங்கள். இந்த அளவுக்கு வந்த பிறகு கட்டளை வரியில் ஆப்ஷன்களை அடுக்குவது கட்டுப்படியாகாது.

முழுக்க முழுக்கக் கேள்வி கேட்கும் ஸ்கிரிப்டுக்கு இன்றும் ஓர் இடம் உண்டு: வாழ்நாளில் ஒருமுறை, ஒரே ஒரு கணினியில், அந்த மென்பொருளை முதல்முறையாகப் பார்க்கும் ஒருவர் நிறுவும்போது. கேள்விகள் பத்துக்குள் இருந்தால் அது நல்ல வழிகாட்டி. பில்டு சர்வருக்குள் அதற்கு இடமில்லை.

பில்டு மட்டும் செய்பவர் என்றால், இரண்டு வழியும் திறந்திருக்கும் மென்பொருளில் முதல் தடவை கேள்விகளோடு போய், பதில் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவையிலிருந்து கேள்வி இல்லாமல் ஓட்டுங்கள். பெர்லில் இது டி, இ, எஸ் என்ற மூன்றெழுத்து ஆப்ஷன்: டீஃபால்ட்டை எடு, இடையில் நிற்காதே, சத்தம் போடாதே. முந்தைய கான்ஃபிக்.எஸ்ஹெச் அங்கே இருந்தால் அதையே டீஃபால்ட்டாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கம்பைலரையோ சிஸ்டத்தையோ மாற்றியிருந்தால் மட்டும் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அதில் உங்கள் விருப்பங்களோடு பழைய கணினியின் உண்மைகளும் கலந்திருக்கும்.

ஏற்கெனவே கேள்வி கேட்கும் ஸ்கிரிப்ட் ஒன்று உங்கள் கையில் இருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஆட்டோகான்ஃப் கற்க வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பெயருள்ள ஓர் ஆப்ஷன் கொடுங்கள். ஆப்ஷன் வந்தால் கேட்காமல் விடட்டும். உள்ளீடு டெர்மினல்தானா என்று ஷெல்லில் ஒரே வரியில் சோதிக்கலாம். டெர்மினல் இல்லை, ஆப்ஷனும் வரவில்லை என்றால் காத்திருக்காமல், எந்த ஆப்ஷன் விடுபட்டது என்று அதன் பெயரைச் சொல்லிவிட்டுப் பிழைக் குறியீட்டோடு வெளியேறட்டும். முடிக்கும்போது, இதே பில்டை மறுபடி எடுக்கத் தேவையான முழுக் கட்டளையையும் ஒரே வரியில் அச்சிடட்டும்.